உடலுக்குள் வரும் போலி ஓலைகள்

பாடம் 6 – உரைநடை (அறிவியல் கட்டுரை)

நுழையும் முன்

முந்திரிப் பருப்பு இல்லாத பொங்கல் நமக்குச் சுவைப்பதில்லை. லிங்கராஜபுரத்து மளிகைக் கடைகளில் சிறு பொட்டலங்களாகக் கிடைக்கும் அப்பருப்பு, எங்கோ ஒரு மலைச்சரிவில் விளைந்து நம் அடுக்களைக்கு வந்து சேர்கிறது. நம் மாநிலத்தின் எல்லையை ஒட்டிய காசர்கோட்டு மலைச்சரிவுகளில் முந்திரி மரங்களுக்காகத் தெளிக்கப்பட்ட ஒரு நஞ்சின் வரலாற்றை இப்பாடம் கூறுகிறது. வளரும் உடலைப் பற்றிய அறிவியல் உண்மை ஒன்றையும் அவ்வரலாறு நமக்குக் கற்பிக்கிறது. படிக்கும்போது ஒரு வினாவை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்: ஒரு பொருளை நஞ்சாக்குவது அதன் அளவு மட்டும்தானா?

1. ஓலையும் தூதரும்

முற்காலத்தில் அரசரின் கட்டளை ஓலையில் எழுதப்பெற்று, முத்திரை இடப்பெற்று, தூதர் வழியே ஊர்களுக்குச் சென்றது. உரியவர் ஓலையைப் பிரித்துப் படித்த பின்னரே படை புறப்படும். ஏரியின் மதகு திறக்கும். ஓலை எடையற்ற சிறு பொருள். ஆயினும் அது பெரிய செயல்களைத் தொடங்கிவைத்தது.

நம் உடலிலும் இத்தகைய ஓலைகள் உள்ளன. மூளையின் அடியில் பிட்யூட்டரி, கழுத்தில் தைராய்டு, சிறுநீரகங்களின் மேல் அட்ரீனல் எனப் பல நாளமில்லாச் சுரப்பிகள் அமைந்துள்ளன. இவை தாம் சுரக்கும் பொருள்களைக் குழாய் வழியாக அனுப்பாமல் நேரே குருதியில் கலக்கின்றன. அப்பொருள்களே ஹார்மோன்கள். 1905ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு உடலியல் அறிஞர் எர்னஸ்ட் ஸ்டார்லிங் இச்சொல்லை அறிவியலில் வழங்கத் தொடங்கினார். தூண்டுதல், இயக்குதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து அது பிறந்தது. தமிழில் நாம் இயக்குநீர் என்று கூறுவது அப்பொருளுக்கு மிகவும் பொருத்தமானது.

ஹார்மோன் குருதியோடு உடல் முழுவதும் சுற்றி வருகிறது. எனினும் எல்லா உயிரணுக்களும் அதைப் படிப்பதில்லை. அந்த ஹார்மோனுக்குரிய ஏற்பி எந்த உயிரணுவில் இருக்கிறதோ, அந்த உயிரணு மட்டுமே அதைப் பற்றிக்கொண்டு செயற்படும். முத்திரையை அறிந்தவரே ஓலையைப் பிரிப்பது போன்றது இது.

ஹார்மோன்களின் அளவு வியப்பூட்டுவது. ஒரு மில்லிலிட்டர் குருதியில் ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு அளவே சில ஹார்மோன்கள் உள்ளன. வேறு சில அதனினும் குறைவு. இத்துணைச் சிறிய அளவே உயரம் கூடவும், எலும்பு உறுதிபெறவும், குரல் மாறவும், சிறுவர் பெரியவராகவும் காரணமாகிறது.

2. தலைப்பிரட்டை கற்பித்த உண்மை

மழைக்காலத்துக் குட்டைகளில் தலைப்பிரட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் ஊருக்குச் செல்லும்போது தாத்தாவிடமோ பாட்டியிடமோ கேளுங்கள். வயலோரத்து நீரில் காட்டுவார்கள். வாலோடு நீந்தும் அச்சிற்றுயிருக்குப் பின்கால் முளைக்கிறது. பிறகு முன்கால் முளைக்கிறது. வால் சுருங்கி மறைகிறது. தவளை கரை ஏறுகிறது. இவ்வளவு பெரிய மாற்றத்திற்குக் கட்டளையிடுவது தைராய்டு ஹார்மோன்.

1912ஆம் ஆண்டில் குடெர்னாட்ச் என்னும் அறிஞர் தலைப்பிரட்டைகளுக்குக் குதிரையின் தைராய்டுச் சுரப்பியை உணவாகக் கொடுத்துப் பார்த்தார். அவை உரிய காலத்திற்கு முன்பே கால் முளைத்து, வால் இழந்து, மிகச் சிறிய தவளைகளாக மாறின. பின்னர் வேறு அறிஞர்கள் தலைப்பிரட்டைகளின் தைராய்டை நீக்கிப் பார்த்தனர். அவை பெருத்து வளர்ந்தன. ஆனால் தவளையாகவே மாறவில்லை.

இவ்விரு சோதனைகளும் ஒரே உண்மையைக் கூறுகின்றன. கட்டளை தவறான காலத்தில் வந்தாலும், உரிய காலத்தில் வராமற்போனாலும், வளர்ச்சி தடம் மாறுகிறது.

மனித உடலுக்கும் இத்தகைய காலங்கள் உண்டு. தாயின் வயிற்றில் முதல் சில திங்கள்களில் உறுப்புகள் உருவாகின்றன. அப்போது குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டு ஹார்மோனே துணைபுரிகிறது. அந்த ஹார்மோனை உண்டாக்க அயோடின் தேவை என்பதனாலேயே அயோடின் கலந்த உப்பை நாம் பயன்படுத்துகிறோம். பிறந்த பின் முதல் சில ஆண்டுகளும், பிறகு பருவமடையும் காலமும் இத்தகையவை. நீங்கள் இப்போது அந்த இரண்டாம் வாயிலில் நிற்கிறீர்கள்.

3. போலி ஓலைகள்

அரசரின் முத்திரையைப் போலச் செய்த ஒன்றைப் பகைவர் பயன்படுத்தினால் என்ன ஆகும்? போலி ஓலையை நம்பி மதகு திறக்கப்படும்; பயிர் மூழ்கும். ஓலையைப் படித்தவரிடம் பிழை இல்லை, ஓலையே பொய்.

மனிதர் உருவாக்கிய வேதிப்பொருள்களுள் சில, உடலுக்குள் நுழைந்து இத்தகைய குழப்பத்தை விளைவிக்கின்றன. அவற்றை ஹார்மோன் குலைப்பான்கள் எனலாம். அவை மூன்று வழிகளில் செயற்படுகின்றன. சில, ஹார்மோனைப் போல நடித்து ஏற்பியில் அமர்ந்து பொய்க்கட்டளை இடுகின்றன. சில, ஏற்பியை அடைத்துக்கொண்டு உண்மையான ஹார்மோன் அமர இடம் தராமல் தடுக்கின்றன. வேறு சில, ஹார்மோன் உண்டாகும் அளவையோ சிதையும் வேகத்தையோ மாற்றிவிடுகின்றன.

மருத்துவமனையிலேயே இத்தகைய போலி ஓலை ஒன்று எழுதப்பட்டதுண்டு. பெண்மைக்குரிய ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் போன்ற ஒரு பொருள் 1938ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் செயற்கையாக உருவாக்கப்பட்டது. அதன் சுருக்கப் பெயர் டி.இ.எஸ். கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பி, அமெரிக்காவில் கருவுற்ற பெண்கள் பலருக்கு அம்மருந்தைக் கொடுத்தனர். அதை உண்ட தாயரிடம் உடனடியாகத் தீங்கு எதுவும் தென்படவில்லை. 1971ஆம் ஆண்டில் பாஸ்டன் நகர மருத்துவர்கள், இளம்பெண்களுக்கு மிக அரிதாக வரும் ஒரு புற்றுநோயை ஆராய்ந்தபோது, அவர்களுடைய தாயர் கருவுற்றிருந்த காலத்தில் இம்மருந்தை உண்டிருந்தமை தெரியவந்தது. மருந்தை உண்டவர் தாய்; விளைவைச் சுமந்தவர் மகள். இடையில் கழிந்தவை ஏறத்தாழ இருபது ஆண்டுகள்.

விலங்குகளும் இதே செய்தியைக் கூறின. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் அபோப்கா என்னும் ஏரி உள்ளது. 1980ஆம் ஆண்டில் அதன் அருகில் இருந்த தொழிற்சாலையிலிருந்து பூச்சிக்கொல்லி கசிந்து ஏரியில் கலந்தது. பின்னர் அவ்வேரியில் முதலைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. லூயி கில்லெட் என்னும் விலங்கியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் 1990களில் ஆராய்ந்தபோது, இளம் ஆண் முதலைகளின் குருதியில் ஆண்மைக்குரிய டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் மிகக் குறைவாக இருந்தது. முதலைகள் உயிரோடுதான் இருந்தன. ஆயினும் அவற்றின் வளர்ச்சி தடம் மாறியிருந்தது.

இத்தகைய செய்திகளைத் தொகுத்து நோக்கிய தியோ கோல்போர்ன் என்னும் அம்மையார், 1991ஆம் ஆண்டில் பல துறை அறிஞர்களை அமெரிக்காவின் விங்ஸ்பிரெட் என்னும் இடத்தில் ஒன்றுகூட்டினார். ஹார்மோன் குலைப்பான்கள் என்னும் கருத்து அக்கூட்டத்திற்குப் பின்னரே உலகெங்கும் பரவியது.

4. முந்திரித் தோப்புகளின் மேல் பறந்த ஹெலிகாப்டர்

இனி நம் அண்டையில் நிகழ்ந்ததைக் காண்போம். பெங்களூரிலிருந்து இரவுப் பேருந்தில் புறப்பட்டால் விடியலில் மங்களூரை அடையலாம். அங்கிருந்து தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் காசர்கோடு உள்ளது. இன்று கேரளத்தைச் சேர்ந்த அப்பகுதி, 1956 வரை சென்னை மாநிலத்தின் தென் கன்னட மாவட்டத்தில் இருந்தது. அங்கே கன்னடமும் துளுவும் மலையாளமும் ஒரே தெருவில் ஒலிக்கும். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என வளரும் உங்களுக்கு அவ்வூர்ப் பிள்ளைகளின் வாழ்க்கை அயலானதன்று.

காசர்கோட்டின் குன்றுகளில் கேரளத் தோட்டக் கழகத்திற்குச் சொந்தமான முந்திரித் தோப்புகள் பரந்துள்ளன. முந்திரியின் தளிரையும் பூங்கொத்தையும் உறிஞ்சி வாடச் செய்யும் ஒரு பூச்சி உண்டு. அதற்குத் தேயிலைக் கொசு என்று பெயர். பெயரில் கொசு இருப்பினும் அது செடியின் சாற்றை உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி வகை. அதனை ஒழிக்க, 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000ஆம் ஆண்டு வரை, ஆண்டில் இரண்டு மூன்று முறை, ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் என்னும் பூச்சிக்கொல்லியைத் தெளித்தனர். நம் மாநிலத்தின் தட்சிண கன்னட மாவட்டத்திலும் பெள்தங்கடி வட்டத்துக் கொக்கட, பட்ரமே, நிட்லே முதலிய ஊர்களில் முந்திரித் தோப்புகளின் மேல் இவ்வாறே தெளிக்கப்பட்டது.

தோப்பு மலையுச்சியில் இருந்தது. மக்கள் பள்ளத்தாக்கில் வாழ்ந்தனர். மேடும் பள்ளமுமான நிலத்தில் ஹெலிகாப்டர் மரங்களை ஒட்டித் தாழப் பறக்க இயலாது. உயரத்திலிருந்து தெளித்த மருந்தைக் காற்று வீடுகளின் மேலும் சுமந்து சென்றது. மழை அதனைக் கீழே இறக்கியது. அப்பகுதி மக்கள் செம்பாறைக் குன்றுகளைக் கிடைமட்டமாகக் குடைந்து, கசியும் நீரைச் சேர்த்துக் குடிப்பர். அந்தக் குடைவுகளுக்குச் சுரங்கம் என்று பெயர். மருந்து தெளிக்கும்முன் நீர்நிலைகளை மூடிவைக்க வேண்டும் என்பது விதி. ஓடையையும் குளத்தையும் மூடுவது எவரால் இயலும்?

முதலில் குரல் கொடுத்தவை கால்நடைகள். 1979ஆம் ஆண்டளவில் என்மகஜே ஊராட்சியின் பத்ரே சிற்றூரில், ஓர் உழவரின் வீட்டில் பிறந்த மூன்று கன்றுகள் கால் வளைந்தும் வளர்ச்சி குன்றியும் இருந்தன. அதே ஊரினரான ஸ்ரீ பத்ரே என்னும் வேளாண் இதழாளர் இதனைக் கவனித்து 1980களின் தொடக்கத்திலேயே எழுதினார். அவ்வூரில் மருத்துவம் செய்துவந்த ஒய். எஸ். மோகனகுமார், வலிப்பு, மூளை வளர்ச்சிக் குறை, உடற்குறை, புற்றுநோய் முதலியன ஒரு சிற்றூரில் இத்தனை மிகுதியாக இருப்பது ஏன் என்று வினவத் தொடங்கினார். வேளாண் துறை ஊழியரான லீலாகுமாரி அம்மா 1998ஆம் ஆண்டில் ஹோஸ்துர்க் முன்சீப் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 2000ஆம் ஆண்டில் அந்நீதிமன்றம் வான்வழித் தெளிப்பைத் தடைசெய்தது.

இதழாளர், சிற்றூர் மருத்துவர், அலுவலக ஊழியர் ஆகிய இம்மூவரிடமும் பெரிய ஆய்வுக்கூடம் இல்லை. கண்ணெதிரே நிகழ்ந்ததைக் கூர்ந்து நோக்கினர்; குறித்துவைத்தனர்; கேள்வி கேட்டனர். அறிவியலின் முதற்படி அதுவே.

5. பள்ளி மாணவரிடம் செய்த ஆய்வு

எண்டோசல்பான் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நஞ்சு என்பது முன்பே அறியப்பட்ட செய்தி. அது ஹார்மோன்களையும் குலைக்குமா என்பது அடுத்த வினா. லக்னோவில் உள்ள தொழில்சார் நச்சியல் ஆய்வு மையத்தின் அறிவியலாளர்கள் 1990களில் எலிகளுக்கு எண்டோசல்பான் கொடுத்து ஆராய்ந்தனர். முதிர்ந்த எலிகளைக் காட்டிலும் வளரும் எலிகளின் இனப்பெருக்க உறுப்புகள் குறைந்த அளவு மருந்திலேயே பாதிப்படைந்தன.

பின்னர் அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனத்தினர் காசர்கோட்டுக்கு வந்தனர். மருந்து தெளிக்கப்பட்ட மலையடிவாரச் சிற்றூரிலிருந்து 117 ஆண் மாணவரையும், தெளிக்கப்படாத வேறோர் ஊரிலிருந்து 90 ஆண் மாணவரையும் ஆராய்ந்தனர். அவர்கள் 10 முதல் 19 வயது வரையிலானவர்கள். ஏறத்தாழ உங்கள் வயதினர். ஆய்வு முடிவு 2003ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மருந்து தெளிக்கப்பட்ட ஊரின் மாணவர் குருதியில் எண்டோசல்பான் மிகுதியாக இருந்தது. அவர்களிடம் பருவமடைவதற்குரிய அடையாளங்கள் காலந்தாழ்ந்து தோன்றின. வயதை ஒத்துநோக்கியபோது டெஸ்டோஸ்டிரோன் குறைந்தும், அதனைச் சுரக்குமாறு கட்டளையிடும் பிட்யூட்டரி ஹார்மோன் கூடியும் இருந்தன. அரண்மனையிலிருந்து ஓலைமேல் ஓலையாகச் சென்றும் மதகு உரிய அளவு திறக்கவில்லை என்று இதனைப் புரிந்துகொள்ளலாம்.

இவ்விடத்தில் அறிவியலின் நேர்மையையும் நாம் கற்றுக்கொள்ள வேண்டும். ஆராயப்பட்டவர் தொகை சிறியது என்பதையும், அழைக்கப்பட்ட அனைவரும் பங்கேற்கவில்லை என்பதையும் ஆய்வாளர்களே தம் கட்டுரையில் எடுத்துரைத்தனர். எண்டோசல்பான் பருவ வளர்ச்சியைத் தாமதப்படுத்தக்கூடும் என்றே அவர்கள் எழுதினர். ஐயமற நிறுவிவிட்டதாக எழுதவில்லை. காசர்கோட்டில் கண்ட எல்லா நோய்களுக்கும் இம்மருந்து ஒன்றே காரணமா என்பதில் இன்றும் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் எலியிடம் கண்டதும் மாணவரிடம் கண்டதும் ஒரே திசையைக் காட்டின என்பதை மறுத்தல் அரிது.

6. அளவும் காலமும்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் பழமொழி. நச்சியல் என்னும் அறிவியல் துறையும் நெடுங்காலம் இக்கருத்தையே அடித்தளமாகக் கொண்டிருந்தது. அளவு குறைந்தால் தீங்கும் குறையும் என்று கருதி, ஒவ்வொரு பொருளுக்கும் தீங்கற்ற அளவு ஒன்றை வரையறுத்தனர்.

பழமொழி பொய்யன்று. ஆயினும் ஹார்மோன் குலைப்பான்களின் வரலாறு அதனோடு மற்றொன்றைச் சேர்க்கிறது. வளரும் உயிருக்கு அளவு எத்துணை முக்கியமோ, காலமும் அத்துணை முக்கியம். வளர்ந்த மரத்தில் ஆணி அடித்தால் ஆணி அடித்த இடத்தில் மட்டும் தழும்பு இருக்கும். முளையின் நுனியைக் கிள்ளினால் மரத்தின் வடிவமே மாறிவிடும். முதியவர் ஒருவரின் உடலில் சில நாள் குழப்பம் விளைவித்து நீங்கும் ஒரு வேதிப்பொருள், கருவில் உள்ள குழந்தையிடம் வாழ்நாள் முழுதும் நீங்காத மாற்றத்தை உண்டாக்கக்கூடும். ஹார்மோனே மிகச் சிறிய அளவில் பணிபுரிவதால், அதனைப் போல நடிக்கும் பொருளும் சிறிய அளவிலேயே தீங்கு செய்ய இயலும்.

இதனால் மற்றொரு கடமையும் பிறக்கிறது. தீங்கின் அறிகுறி தென்படும்போது, முழுச்சான்றும் கிடைக்கட்டும் என்று காத்திருப்பதற்கு ஒரு விலை உண்டு. அவ்விலையைக் கொடுப்பவர் குழந்தைகள். ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். கன்றுகளின் கால்கள் வளைந்தது 1979. வான்வழித் தெளிப்பு நின்றது 2000. கருநாடக அரசு எண்டோசல்பானைத் தடைசெய்தது 2011 பிப்ரவரி. நிலைத்து நின்று தீங்கு செய்யும் பொருள்களை ஒழிப்பதற்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் உலக நாடுகள் அதனைச் சேர்த்தது 2011 ஏப்ரல். இந்திய உச்சநீதிமன்றம் நாடு முழுவதும் அதற்குத் தடை விதித்தது 2011 மே 13. பாதிக்கப்பட்டோர் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவருக்குத் தலைக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வழங்குமாறு கேரள அரசுக்கு அந்நீதிமன்றம் ஆணையிட்டது 2017 ஜனவரி.

முதல் அடையாளத்திற்கும் நாடு தழுவிய தடைக்கும் இடையே 32 ஆண்டுகள். அதற்குள் ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, பெற்றோரும் ஆகிவிட்டது. நீதிமன்றத்தில் வழக்கை மறுபடி விசாரிக்கலாம்; கழிந்துபோன வளர்ச்சிக் காலத்தை மறுபடி வாழ இயலாது. காசர்கோட்டின் சில வீடுகளில் தாயர் இன்றும் வளர்ந்த மக்களைக் கைக்குழந்தையைப் போல ஏந்தி உணவூட்டுகின்றனர். இழப்பீடு அவர்களுக்கு உதவும். அக்காலத்தை மீட்டுத் தாராது.

7. நம் வீட்டில் செய்யத்தக்கன

போலி ஓலைகள் வயல்களில் மட்டும் இல்லை. நெகிழிப் பொருள்கள் சிலவற்றில் பிஸ்பீனால் ஏ என்னும் வேதிப்பொருள் உள்ளது. அது ஈஸ்ட்ரோஜனைப் போலச் செயற்படும் என்பது 1936ஆம் ஆண்டிலேயே ஆய்வில் தெரிந்தது. பின்னர் அதனைக் கொண்டே கெட்டியான நெகிழிப் புட்டிகளும், உணவு டப்பாக்களின் உட்பூச்சும் செய்யப்பட்டன. 2011ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் குழந்தைகளின் பால்புட்டிகளில் அதனைப் பயன்படுத்துவதற்குத் தடை விதித்தது. எல்லாரையும் விட்டு முதலில் பால்புட்டியைத் தேர்ந்தெடுத்தது ஏன் என்பதை இப்பாடத்தைப் படித்த நீங்களே கூறிவிடலாம்.

அஞ்சி நடுங்குவதால் பயனில்லை. எளிய பழக்கங்கள் சில போதும்.

• கொதிக்கும் சாம்பாரையும் தேநீரையும் நெகிழிப் பையில் வாங்குவதைத் தவிர்ப்போம். சூடும் எண்ணெயும் பட்டால் நெகிழியிலிருந்து வேதிப்பொருள்கள் உணவில் இறங்கும். எவர்சில்வர்த் தூக்குவாளியைக் கடைக்கு எடுத்துச் செல்வதில் வெட்கம் வேண்டா.
• நெகிழிக் கிண்ணத்தில் உணவை வைத்து மைக்ரோவேவ் அடுப்பில் சூடாக்காதிருப்போம்.
• காய்கனிகளை ஓடும் நீரில் நன்கு கழுவுவோம்.
• கடைகளில் தரும் வழவழப்பான இரசீதுத் தாள்கள் சிலவற்றில் பிஸ்பீனால் பூசப்பட்டிருக்கும். அவற்றைக் குழந்தைகளின் கையில் விளையாடக் கொடுக்க வேண்டா.
• வீட்டில் கருவுற்ற அக்காவோ அண்ணியோ இருப்பின், கரப்பான் மருந்தும் கொசு மருந்தும் அடிக்கும் வேளையில் அவர்கள் அவ்விடத்தில் இல்லாதவாறு பார்த்துக்கொள்வோம்.

இவை நம் கையில் உள்ளவை. எந்த மருந்தைத் தயாரிக்கலாம், எங்கே தெளிக்கலாம் என்பன அரசும் அறிவியலும் முடிவு செய்ய வேண்டியவை. அங்கும் நமக்குப் பங்கு உண்டு. வளைந்த காலோடு பிறந்த கன்றைக் கண்டு, விதி என்று ஒதுக்காமல், ஏன் என்று கேட்டவர்களால்தான் காசர்கோட்டின் வானத்தில் ஹெலிகாப்டர் நின்றது. உங்கள் தெருவிலும் உங்கள் ஊரிலும் மாறுபட்ட ஒன்றைக் காணும்போது, நாளும் இடமும் குறித்து வையுங்கள், பெரியவர்களிடம் கேளுங்கள்.

அருஞ்சொற்பொருள்

நாளமில்லாச் சுரப்பி – குழாய் இன்றி நேரே குருதியில் கலக்குமாறு சுரக்கும் உறுப்பு
ஏற்பி – குறிப்பிட்ட ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் உயிரணுவின் பகுதி
தலைப்பிரட்டை – தவளையின் இளம்பருவ வடிவம்
மதகு – ஏரியிலிருந்து நீர் வெளியேறும் வாயில்
நச்சியல் – நஞ்சின் தன்மையை ஆராயும் அறிவியல் துறை
செம்பாறை – இரும்புச் சத்து மிகுந்த செந்நிறப் பாறை

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. ஹார்மோனை இயக்குநீர் என்று கூறுவது பொருத்தமாவது எவ்வாறு?
2. தைராய்டு நீக்கப்பட்ட தலைப்பிரட்டைகள் என்ன ஆயின?
3. காசர்கோட்டில் மருந்து தோப்பைக் கடந்து மக்களைச் சென்றடைந்த வழிகள் இரண்டினைக் கூறுக.

ஆ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.
1. ஹார்மோன் குலைப்பான்கள் செயற்படும் மூன்று வழிகளை ஓலை உவமையோடு விளக்குக.
2. மாணவரிடம் நடந்த ஆய்வின் முடிவையும் அதன் வரம்புகளையும் எழுதுக. வரம்புகளை ஆய்வாளரே எடுத்துரைத்தது நல்லதா? உம் கருத்தைக் கூறுக.

இ. சிந்தித்து எழுதுக.
"முழுச்சான்று கிடைத்த பின்னரே தடை விதிக்க வேண்டும்" என்பது ஒரு தரப்பு. "அறிகுறி தென்பட்டவுடன் நிறுத்த வேண்டும்" என்பது மறுதரப்பு. பாடத்திலுள்ள ஆண்டுகளைச் சான்றாகக் காட்டி, ஒரு தரப்பை ஏற்று ஒரு பக்க அளவில் எழுதுக.

ஈ. மொழிப்பயிற்சி
1. பிரித்து எழுதுக: மலைச்சரிவு, நாளமில்லா, தெளிப்பதற்கென்று, பழமொழியன்று.
2. செயப்பாட்டு வினையாக மாற்றுக: நீதிமன்றம் வான்வழித் தெளிப்பைத் தடைசெய்தது.
3. "அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்னும் பழமொழியை அமைத்துத் தொடர் ஒன்று எழுதுக.

உ. செயல்பாடு
1. முந்திரிக்கு உம் பெற்றோரின் ஊரில் வழங்கும் பெயரையும், கன்னடத்தில் வழங்கும் பெயரையும் கேட்டு எழுதுக. தமிழ்நாட்டின் தென்கோடியில் அதனைக் கொல்லாங்கொட்டை என்பர்.
2. வேளாண்மை செய்த உறவினர் ஒருவரிடம் தொலைபேசியில் பேசுக. அவர் இளமையில் வயலோரங்களில் மிகுதியாகக் கண்ட உயிரினங்கள் எவை, இன்று அருகியவை எவை என்று கேட்டு, இரு பட்டியல்களாக எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.